புள்ளி எதிர்க்கரையில் நின்றது

வாசகர் கேள்வி – பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னால், நண்பர்கள் சேர்ந்து நாங்கள் எடுத்த குறும்படத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களிலும் வட்ஸ்அப் செய்திகளிலும் பாதிக்கு மேல் அந்தப் படத்தைப் பற்றித்தான். அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு முழுப் பக்கத்தையும் அதற்கே தருகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டம். கணவனுக்குக் கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடை வேலை, மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வருவான். மனைவி தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். அவளுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுக்கும்போதே, அவள் எங்கே இருக்கிறாள் என்பது தன் போனுக்கு வரும்படி, அவளிடம் சொல்லாமல் வைத்துவிடுகிறான். இடைக்கிடை அதைப் பற்றி அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு ஞாபகப்படுத்தல் வரும், அவள் அதைப் படிக்காமல் தள்ளிவிடுவாள். ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு அவன் போன் மெப்பில் அவளுடைய புள்ளி மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் எதிர்க்கரையில் நிற்கிறது. மறுநாளும் அங்கேதான். அதற்கடுத்த நாளும். அவன் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறுகிறான், அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று வளைவு வளைவாக மேலே ஏறி, விடியுமுன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவள் உள்ளே தூங்குகிறாள், போன் தலைமாட்டில் கிடக்கிறது, புள்ளி இன்னமும் எதிர்க்கரையில். மொத்தம் 17 நிமிடம்.

நான் மஸ்கெலியாவில் போன் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கிற போனை எதிர்க்கரையில் இருப்பதாகக் காட்டுவது கதைக்காகச் செய்த ஜோடிப்பா, உண்மையிலேயே நடக்குமா? கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். – ஒரு வாசகர், மஸ்கெலியா

நடக்கும். நாங்கள் படம் எடுத்த லயத்திலேயே, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டிலேயே நடந்தது, ஒத்திகைக்குப் போன அன்று நடிகை தன் போனில் மெப்பைத் திறந்து பார்த்துவிட்டு "நான் இப்போ தண்ணிக்கு அந்தப் பக்கம் நிக்கிறேனாம்" என்று சொன்னார். அந்த ஒரு வரியில்தான் கதையின் முடிச்சு எங்களுக்குக் கிடைத்தது.

போன் தன் இடத்தைக் கண்டுபிடிப்பது ஒரே வழியில் இல்லை. முதல் வழி ஜிபிஎஸ். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்த்து, அதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. இதற்குக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களாவது போனின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தேயிலை மலையில் வெட்டவெளியில் நின்றால் சில மீட்டர் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடும். ஆனால் பூமிக்கு வரும்போது அந்தச் சிக்னல் மிக மெலிந்து போயிருக்கும், தகரக் கூரையைத் தாண்டி உள்ளே வராது, பள்ளத்தில் இருக்கிற லயத்துக்கு வானத்தில் பாதியை மலையே மறைத்துக்கொண்டிருக்கும், பாறையில் பட்டுத் திரும்பி வருகிற சிக்னல் வேறு கணக்கைக் குழப்பும்.

ஜிபிஎஸ் கிடைக்காவிட்டால் போன் சும்மா இருக்காது, சுற்றியிருக்கிற வைஃபைகளையும் டவர்களையும் வைத்து ஒரு மதிப்பீடு போடும். இங்கேதான் கொழும்புக்கும் நமக்கும் வித்தியாசம். புறக்கோட்டையில் அவன் படுத்திருக்கும் கடை மாடியைச் சுற்றி எத்தனையோ வைஃபை, அதனால் அவனுடைய போன் அவனை அந்தக் கட்டிடத்திலேயே சரியாகக் காட்டுகிறது. தன் போன் சரியாகச் சொல்வதால் அவளுடைய போனும் சரியாகத்தான் சொல்லும் என்று அவன் நம்புகிறான். அவன் செய்கிற முதல் தவறு அதுதான், அந்த நேரத்தில் அவன் கெட்டவனும் இல்லை.

லயத்தில் வைஃபை கிடையாது, மிச்சம் டவர். மலைநாட்டில் போன் பிடிக்கிற டவர் கிட்டே இருக்கிற டவராக இருக்க வேண்டும் என்றில்லை, மறைவில்லாமல் தெரிகிற டவரைத்தான் பிடிக்கும். பக்கத்தில் இருப்பது மலை மடிப்புக்குப் பின்னால் மறைந்து போகும், தண்ணீருக்கு அந்தப் பக்கம் பல கிலோமீட்டர் தள்ளி இருப்பது நேரே தெரியும். பழைய 2ஜி முறையில் ஒரு டவர் 35 கிலோமீட்டர் வரைக்கும் கூட எட்டும். இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தெரியாத விசயமா? 2020இல் பள்ளிக்கூடங்களை மூடி ஒன்லைனில் பாடம் நடத்தியபோது, சிக்னல் தேடிப் பாறை மேலும் மலை உச்சிக்கும் ஏறி உட்கார்ந்தவர்கள் அவர்கள்தானே.

கடைக்கு வருகிறவர்களிடம் ஒன்று மட்டும் தயவுசெய்து காட்டுங்கள். கூகுள் மெப்பில் தன் இடத்தைப் பார்க்கும்போது நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர் நீல வட்டம் தெரியும். இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறாய், சரியாக எங்கே என்று எனக்குத் தெரியாது என்று போன் சொல்வதுதான் அந்த வட்டம். வட்டம் பெரிதாக ஆக, அதற்குத் தெரிந்தது குறைவு. படத்தின் கடைசியில் அவன் அவளுடைய போனை எடுத்து மெப்பைத் திறக்கும்போது அந்த வட்டம் இரண்டு கரையையும் தண்ணீரையும் சேர்த்து மூடியிருக்கிறது, அவன் நிற்கிற வாசலும் அதற்குள்தான். திரையில் பார்த்தவர்கள் பலர் அதைக் கவனிக்கவில்லை என்று தெரிகிறது. அந்த ஷொட்டை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தியிருக்க வேண்டும்.

தண்ணீருக்குள்ளிருந்து தெரியும் கோவில் செட் போட்டதா? – ஒரு வாசகி, பதுளை

இல்லை அக்கா. 1960களின் கடைசியில் மவுஸ்ஸாகலை அணையைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போய்விட்டது. வெயில் காலத்தில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பழைய கோவிலும் கட்டிடங்களின் மிச்சமும் வெளியே வரும், ஆட்கள் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். நாங்கள் அந்த நேரத்துக்காகக் காத்திருந்து எடுத்தோம். அந்தத் தம்பதிக்குள் பேசாமல் அமுங்கிக் கிடக்கிற விசயங்களை வசனத்தில் சொல்ல எனக்கு மனமில்லை, அதற்குப் பதிலாகத்தான் நீர் இறங்கிக்கொண்டே போவதைப் படம் முழுக்க வைத்தோம்.

நான் உயர்தரம் படிக்கிறேன், சஸ்பென்ஸ் குறும்படம் எடுக்க ஆசை. ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். நாலாவது நிமிடத்திலேயே போன் வீட்டில்தான் இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டிவிட்டீர்கள். முடிச்சை இவ்வளவு சீக்கிரம் அவிழ்த்தால் அப்புறம் என்ன சஸ்பென்ஸ்? – ஒரு மாணவர், பண்டாரவளை

கோபம் இல்லை தம்பி, வந்த கேள்விகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஒரு காட்சி நினைத்துப் பார். மலையில் நாலைந்து பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள், வீட்டுக் கதை பேசிக்கொண்டே போகிறார்கள். திடீரென்று குளவி கலைந்து வந்து கொட்டுகிறது. பார்க்கிறவன் திடுக்கிடுவான், அது பத்து செக்கன் அதிர்ச்சி, முடிந்தது. அதே காட்சியில், முதலிலேயே மேலே மரக்கிளையில் குளவிக் கூடு தொங்குவதைக் காட்டிவிட்டு, அந்தப் பெண்களுக்கு மட்டும் அது தெரியாது என்று வைத்துப் பார். அவர்கள் அதே கதையைத்தான் பேசுவார்கள், ஆனால் இப்போது ஒவ்வொரு சிரிப்புக்கும் உனக்கு வயிற்றைக் கலக்கும், ஒருத்தி நிமிர்ந்து கிளையைப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. எதையும் மறைக்காமல் உண்டாகிற பயம் அது, பார்க்கிறவனுக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாததால் வருகிறது.

நம் காமன் கூத்தையும் எடுத்துக்கொள், சிவனின் நெற்றிக்கண்ணில் மதன் எரிந்துபோகிற கதை. மாசியில் காமன் ஊன்றின நாளிலிருந்தே மதன் எரியப் போகிறான் என்று தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவன் மனைவி ரதி அவனைப் போக வேண்டாம் என்று மறித்து வாதாடும்போது பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சனம் அசையாமல் இருக்கும். முடிவு தெரிந்திருந்தும் அல்ல, தெரிந்திருப்பதால்தான். எங்கள் ஊரில் ஒரு பாட்டி வருசம் தவறாமல் அந்த இடத்தில் "போகாதேடா" என்று சத்தம் போடுவார்.

எங்கள் படத்தில் அவள் எங்கே போனாள் என்பது கேள்வியாக இருந்தால், பார்க்கிறவனும் அவனோடு சேர்ந்து அவளைச் சந்தேகப்பட வேண்டிவரும். அவள் நல்லவளா கெட்டவளா என்று 17 நிமிடம் அவனும் சேர்ந்து வேவு பார்ப்பான். அந்த வேலையைப் பார்க்கிறவனுக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. நாலாவது நிமிடத்தில் போன் டிரங்குப்பெட்டி மேல் கிடப்பதைக் காட்டிவிட்டால் கேள்வி மாறிவிடுகிறது, அவள் எங்கே என்பது போய், இந்த மனிதன் வந்து என்ன செய்யப் போகிறான் என்று ஆகிறது. பஸ் வட்டவளை மூடுபனிக்குள் நுழையும்போது நீ பயந்தாயா, இல்லையா? பயந்திருந்தால் முடிச்சு அவிழவில்லை என்றுதான் அர்த்தம்.

ஒஸ்கார் விதிப்படி 40 நிமிடம் வரை குறும்படம்தான். ஆனால் உன் முதல் படத்தைப் பத்து நிமிடத்துக்குள் முடி. நாங்கள் போனில்தான் எடுத்தோம், படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் சனம் மன்னிக்கும், பேச்சுக் கேட்காவிட்டால் மன்னிக்காது. கையில் காசு இருந்தால் முதலில் ஒரு நல்ல மைக் வாங்கு.

ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் மெசேஜில் சண்டை பிடிக்கிறார்களே, அது கொஞ்சம் மிகையாகத் தெரியவில்லையா? – ஒரு வாசகர், கொழும்பு

லயத்துக் காம்பராவில் இருந்து பார்த்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரு மெல்லிய சுவர், பல இடத்தில் அந்தச் சுவர் கூரை வரைக்கும் போவதும் இல்லை. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் "மருந்து குடிச்சியா" என்று கேட்பார்கள். மாதத்துக்கு ஒரு தடவை வருகிற புருசனோடு பெண்சாதி சத்தமாக இரண்டு வார்த்தை பேசினால், விடியும்போது வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் அதுதான் கதை. வாசல் இஸ்தோப்பில் போய் நின்றாலும் ஆள், தண்ணீர் பிடிக்கிற பீலியடியிலும் ஆள். அவர்களுக்குச் சண்டை பிடிக்க இருக்கிற ஒரே தனியிடம் அந்தப் போன்தான். அடுப்பு வெளிச்சத்தில் இரண்டு முகத்திலும் நீல வெளிச்சம் விழ, ஒரு சத்தமும் இல்லாமல் அவர்கள் ஒருவரை ஒருவர் குத்திக் கிழிக்கிற அந்தக் காட்சி எங்கள் படத்திலேயே நான் அதிகம் நம்புகிற காட்சி.

இன்னொன்றும் உண்டு. வாயால் சொன்ன சொல் காற்றோடு போய்விடும், கோபம் ஆறினதும் "நான் அப்படிச் சொல்லல" என்று ஒருத்தர் சொல்ல, மற்றவர் சரி என்று விட்டுவிடலாம். எழுதின சொல் அங்கேயே இருக்கும். கொழும்புக்குத் திரும்பிப் போய் ராத்திரி ராத்திரி அவன் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான்.

என் கணவர் வெளியூரில் வேலை. நான் யாரோடு என்ன பேசினேன் என்று வரிக்கு வரி சொல்கிறார். என் போனில் ஏதாவது வைத்திருப்பாரா? கேட்கப் பயமாக இருக்கிறது. பெயர் போட வேண்டாம். – ஒரு வாசகி, தலவாக்கலை

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் போனைப் பற்றிய கேள்வியை விட, கேட்கப் பயமாக இருக்கிறது என்ற வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. அதனால் எதையும் தொட முதல் இதைப் படியுங்கள். அவர் பார்ப்பதை நீங்கள் திடீரென்று நிறுத்தினால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். கோபம் வந்தால் கை நீட்டுகிறவர், மிரட்டுகிறவர் என்றால், முதலில் நம்பிக்கையான ஒரு ஆளிடம், அம்மாவோ அக்காவோ கூட வேலை செய்கிற ஒருவரோ, விசயத்தைச் சொல்லி வையுங்கள். அதையும் உங்கள் போனில் சொல்லாமல் நேரில் சொல்லுங்கள், அல்லது வேறொருவர் போனிலிருந்து பேசுங்கள்.

இனி போன். வட்ஸ்அப்பில் மேலே இருக்கிற மூன்று புள்ளியைத் தொட்டால் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்று ஒரு இடம் வரும். உங்கள் போனைத் தவிர இன்னும் 4 கருவிகள் வரை அதில் இணைக்கலாம். உங்கள் போன் ஒரு நிமிடம் ஒருவர் கையில் இருந்தால் போதும், அவருடைய கருவியில் உங்கள் செய்திகள் எல்லாம் அப்படியே வந்து விழும், அதற்குப் பிறகு உங்கள் போன் அணைந்திருந்தாலும் நிற்காது. உங்களுக்குத் தெரியாத கருவி அந்தப் பட்டியலில் இருந்தால் வரிக்கு வரி எப்படிச் சொல்கிறார் என்பதற்கு விடை அதுதான். அதைத் தொட்டு வெளியேற்றலாம். அதற்கு முன்னால் அந்தத் திரையை வேறொருவர் போனால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படலாம். அப்புறம் இரண்டு கட்டச் சரிபார்ப்பு என்கிற ஆறு இலக்க இரகசிய எண்ணைப் போடுங்கள், பிறந்த திகதி, கல்யாணத் திகதி எல்லாம் வேண்டாம்.

அடுத்தது, போனில் இருக்கிற கூகுள் கணக்கு யாருடையது என்று பாருங்கள். போனை வாங்கிக் கொடுத்தவரே தன் ஜிமெயிலைப் போட்டுத் திறந்து கொடுப்பது நம் பக்கத்தில் சாதாரணம், பல நேரம் அதில் கெட்ட எண்ணமும் இருக்காது. ஆனால் கணக்கு அவருடையதாக இருந்தால் அந்தப் போன் எங்கே இருக்கிறது என்று அவர் பார்க்கலாம், சேமிப்பு எப்படி வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து படங்களும் தொடர்பு எண்களும் கூடப் போகலாம். கூகுள் மெப்பில் இருப்பிடப் பகிர்வு என்ற இடத்தையும் பாருங்கள். வட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடம் அதிகபட்சம் 8 மணித்தியாலம்தான், கூகுள் மெப்பில் நிறுத்தும்வரை ஓடும்படி வைக்க முடியும். படத்தில் அவன் செய்தது அதைத்தான்.

மனைவியின் போன் என்பதால் இதெல்லாம் வீட்டு விசயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அனுமதியில்லாமல் ஒருவருடைய கருவிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதையை மட்டும் பார்ப்பதில்லை, கொடூரமாக மனதை வதைப்பதையும் பார்க்கிறது, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அவசரம் என்றால் பொலிஸ் 119. 1938ஐ எழுதி வைக்காதீர்கள், மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்.

பயம் இல்லை, கோபம்தான் என்றால் வேறு. அப்படியானால் அவர் லீவில் வரும்போது பகலில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரம், அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நேரே கேளுங்கள்.

நான் கொழும்பில் கடையில் நிற்கிறேன். ராத்திரி ஒரு மணிக்கு மனைவி ஒன்லைனில் இருப்பதைக் காண்கிறேன், எனக்குச் செய்தி இல்லை. படத்தில் வருகிறவனைத் திட்டுகிறீர்கள், என் இடத்தில் இருந்தால் தெரியும். – ஒரு வாசகர், பொகவந்தலாவை

உங்கள் இடத்தில் நான் இருந்திருக்கிறேன், அடுத்த பதிலில் சொல்கிறேன். அவனைத் திட்டுவதற்காக நாங்கள் படம் எடுக்கவில்லை. கடை மூடிய பிறகு பெட்டி அடுக்குகளுக்கு நடுவில் பாய் போட்டுப் படுக்கிற ஒருத்தனுக்கு, வீடு என்பது அந்தக் கண்ணாடித் திரை மட்டும்தான். அந்தத் தனிமை உண்மை.

ஆனால் ஒன்லைன் என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன? அந்த ஆப் அந்த நேரம் திரையில் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். யாரோடு பேசுகிறார், பேசுகிறாரா, உங்கள் பழைய குரல் செய்தியைத் திரும்பக் கேட்கிறாரா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விழித்திருந்து தங்கச்சி அனுப்பின படத்தைப் பார்க்கிறாரா, எதுவும் அதில் இல்லை.

சுமார் நூறு வருசத்துக்கு முன்னால் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை எடுத்து, அதை ஒரு தடவை சூப்புக் கோப்பையோடு ஒட்டினார், ஒரு தடவை சவப்பெட்டியோடு, ஒரு தடவை ஒரு பெண்ணோடு. பார்த்தவர்கள் என்ன பசி, என்ன துக்கம், என்ன ஆசை என்று அந்த நடிப்பைப் பாராட்டினார்களாம். முகம் ஒன்றுதான், மாறவே இல்லை. மிச்சத்தைப் போட்டது பார்த்தவர்களின் மனம். சினிமா படிக்கிற எல்லோருக்கும் முதல் பாடம் இது. ஒன்லைன் என்ற அந்தச் சொல்லும் அப்படி ஒரு முகம்தான் அண்ணே. பகல் முழுக்க நல்லபடியாக இருந்த நாளில் அதைப் பார்த்தால் "பாவம், தூக்கம் வரல போல" என்று நினைப்பீர்கள். காலையில் ஒரு வாக்குவாதம் நடந்திருந்தால் அதே சொல் உங்களைக் கொன்றுபோடும்.

என் அப்பாவும் கொழும்பில்தான் வேலை செய்தார். அப்போது கடிதம். தோட்டத்துக்கு வந்து சேர நாலைந்து நாள், அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, லயத்தின் கடைசி வீடான தொங்கக் காம்பரா அக்காதான் வாசித்துக் காட்டுவார். அவர்களுக்கும் சந்தேகம் வந்திருக்கும், ஆனால் ஒரு சந்தேகத்துக்குப் பதில் வர பத்து நாள் ஆகும், அதற்குள் பாதி ஆறிப்போகும். இப்போது ஒரு ராத்திரியில் ஐம்பது தடவை பார்க்கிறோம், ஆற நேரமே இல்லை.

ஆகவே என் பதில் இது. நாளைக்கு ராத்திரி ஒரு மணிக்கு அது தெரிந்தால், ஸ்கிரீன்ஷொட் எடுக்க வேண்டாம், நேரத்தைக் குறிக்க வேண்டாம். போனை எடுத்துப் பேசுங்கள். "யாரோட பேசிட்டிருந்த" என்று தொடங்கினால் அது விசாரணை. "எனக்குத் தூக்கம் வரல, உன் ஞாபகமா இருக்கு, மனசுல என்னென்னமோ ஓடுது" என்று தொடங்குங்கள். ஆம்பிளை இதைச் சொல்லலாமா என்று நினைப்பீர்கள். சொல்லலாம். அந்த மனசு ஓடுகிற ஓட்டம் தொழிலையும் சாப்பாட்டையும் கெடுக்கிற அளவுக்குப் போயிருந்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது? கடைசியில் அவன் செய்ததெல்லாம் தெரிந்த பிறகும் அவள் "நான் அப்படிப்பட்டவள் இல்லை" என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லையே. என் அம்மா கண்ணீர் விட்டுவிட்டார், ஆனால் கோபத்தோடு. – ஒரு வாசகி, கொட்டகலை

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்.

2019இல் நான் என் மனைவியின் போனைத் திறந்து பார்த்தேன். அவர் குளிக்கப் போயிருந்தார், எனக்குக் கை நடுங்கியது, கேத்தலில் தண்ணீர் கொதிக்கிற சத்தத்தை வைத்து நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றும் இல்லை. அக்காவோடு பேசியது, சீட்டுக் காசுக் கணக்கு, பிள்ளையின் வகுப்பு டீச்சர். ஒன்றும் இல்லை என்றால் நிம்மதி வர வேண்டுமே, வரவில்லை. அழித்திருப்பாள் என்று நினைத்தேன். அந்த நொடியில் நான் என்னைப் பார்த்துப் பயந்தேன், ஏனென்றால் இனி எதைக் கண்டாலும், எதையும் காணாவிட்டாலும், எனக்கு அது சாட்சிதான். அவர் எதைக் காட்டியும் அதிலிருந்து வெளியே வர முடியாது.

பல மாதம் கழித்து நானே சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவில்லை, பதினொரு நாள் தேவைக்கு மட்டும் பேசினார். பிறகு இதைப் படமாக எடுக்கலாமா என்று கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், அந்தப் பொம்பிளை தன்னை நிரூபிக்கக் கூடாது.

முதலில் எனக்குப் புரியவில்லை. நான் எழுதியிருந்த முடிவில் அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் விளக்குவாள், அவன் காலில் விழுவான். அவர் அதைப் படித்துவிட்டு, நுவரெலியாவிலிருந்து ஹக்கலைக்குப் போகிற வழியில் இருக்கிற சீதா எலிய கோவிலைப் பற்றிப் பேசினார். அங்கே சீதை சிறையிருந்தாள் என்று கும்பிடுகிறோம், தன் விருப்பத்தில் இல்லாமல் அங்கே இருந்த அதே காரணத்துக்காகத்தான் அவளைப் பின்னால் நெருப்பில் இறங்கச் சொன்னார்கள், நெருப்பே அவளை விட்ட பிறகும் ஊர் வாய் விட்டதா என்று கேட்டார். அன்று ராத்திரியே அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

அதனால் படத்தில் அவள் கண் விழித்ததும் முதலில் சந்தோசப்படுகிறாள், "என்னங்க, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்க" என்கிறாள். பிறகு அவன் கையில் இருக்கிற போனில் தன் பெயரோடு ஒரு புள்ளி நிற்பதைப் பார்க்கிறாள். "எத்தன நாளா?" "ஆறு மாசம்." அவ்வளவுதான் வசனம். அவள் முகம் கழுவி, சேலை மாற்றி, முன்பள்ளிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறாள், பிள்ளைகள் வருகிற நேரம். சந்தேகப்பட்டது அவன், பதில் சொல்ல வேண்டியதும் அவன்தான், அதனால் கமரா அவளோடு போகவில்லை, அவனோடு இருந்துவிட்டது. அம்மாவின் கோபம் சரியான கோபம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இப்போது நீங்களும் உங்கள் மனைவியும் ஒருவர் போன் பாஸ்வேர்டை ஒருவர் தெரிந்து வைத்திருக்கிறீர்களா? – ஒரு வாசகர், நோர்வூட்

அவருடையது எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. என்னுடையதை நான் சொன்னேன், அதை அவர் இதுவரை போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. வேலையாகக் கொழும்புக்குப் போனால், திரும்பி வரும்போது கினிகத்தேனை தாண்டினதும் நான் ஒரு கோல் எடுப்பேன், வட்டவளைக்குக் கிட்ட லைன் விட்டுப் போகும், அதற்குள் இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டியா சோறா என்று கேட்டுவிடுவார்.